ஐம்பத்திரண்டாம் வரியில் என் சுருக்கொப்பம்

போன வாரம் நாமக்கல் பேருந்து நிலையத்தில் ராசிபுரம் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். தூணுக்கு மேலே ஒரு பெரிய திரை மாட்டியிருக்கிறார்கள். வழக்கமாக அதில் நகைக்கடையும் பள்ளிக்கூடமும் மாறி மாறி விளம்பரமாக ஓடும். அன்று படமே இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏழெட்டு வரி ஆங்கிலம். கடைசி வரியின் முனையில் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் முட்டை அட்டைக் கட்டு ஒன்றை மடியில் வைத்திருந்தவர் அதையே பார்த்துவிட்டு, "ஏனுங்க, என்னமோ எழுதியிருக்குதே, பஸ்ஸு வராதுன்னு போட்டிருக்குதுங்களா?" என்றார்.

"அதில்லீங்க. படங்காட்ட ஆரம்பிக்க முடியலையாம். ஏன் முடியலைன்னு காரணம் போட்டிருக்குது."

"தப்ப அதுவே சொல்லுதுங்களா? பரவால்லீங்க. மனுசன் எவன் சொல்றான்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காது சுட்டது. இருபது வருடத்துக்கு மேல் இருக்கும், இதே மாதிரி ஒரு கறுப்புத் திரையைக் காட்டி என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார்கள். அன்று நான் சொன்னது முழுப்பொய்.

அப்போது நான் சேலம் சாலையில் ஒரு கோழித்தீவன ஆலையில் மேலாளர். கணிதத்தில் முதுகலை. தீவன ஆலைக்கு முதுகலை எதற்கு என்று கேட்கக் கூடாது. என் முதலாளி படித்தவர்களைக் கூட வைத்துக்கொள்வதில் பிரியம் உள்ளவர். ஆலையில் மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள் எல்லாம் அளவாகக் கலந்து அரைத்து மூட்டையாகப் போகும். கருவாட்டுத் தூளின் வாசனையை அறியாதவர்களுக்கு அதை விளக்க முடியாது. சட்டையில் ஏறினால் மூன்று வெளுப்புக்கு நிற்கும். மாலையில் பஸ்ஸில் நான் ஏறினால் என் பக்கத்து இருக்கை ஊர் வரைக்கும் காலியாகவே வரும். என் மனைவி என் சட்டைகளை மட்டும் தனிக் கொடியில் காயப்போடுவாள். தெருப் பூனைகள் வந்து கொடிக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும்.

அந்த வாசனை எட்டாத ஒரே இடம் கம்ப்யூட்டர் அறை. எட்டாது என்று நாங்கள் நம்பினோம். கண்ணாடிக் கதவு, மிதியடி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டும் என்ற கட்டளை. முதலாளியின் மைத்துனர் மகன், பெங்களூரில் இருந்தவன், அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தான். எல்லோரும் வைத்திருக்கிற மென்பொருள் இல்லை. இலவசமாகக் கிடைக்கிற வேறொன்று. தானே எழுதிய தீவனக் கணக்கு ஒன்றையும் அதற்குள் போட்டுவிட்டு, ஒரு கோடு போட்ட நோட்டில் "இது நடந்தால் இப்படிச் செய்யவும்" என்று குறிப்புகள் எழுதி வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். ஸ்விட்சைப் போட்டால் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று மேலே ஓடும். பிறகு ஒரு நொடி இருட்டு. அப்புறம் ஒரு பச்சை மலையும் ஓர் அம்புக்குறியும் வரும். மலை வந்ததும்தான் முதலாளி டீ குடிப்பார்.

அதை இயக்கியவர் சாந்தாமணி. பி.காம்., முப்பது வயது, வளையப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். மருமகளை வேலைக்கு அனுப்பாத வீடு அது. கம்ப்யூட்டர் வேலை என்று கேட்டதும் மாமியார் மனம் மாறிவிட்டாராம். "எங்கத்தைக்கு நான் என்ன பண்றேன்னு தெரியாதுங்க சார். ஆனா நாலு பேருகிட்டச் சொல்றதுக்கு ஒரு பேச்சு ஆச்சுல்லங்க" என்று சிரிப்பார். அந்த நாற்காலி அவருக்கு வெறும் நாற்காலி இல்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

இங்கே என்னுடைய ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஆலைக்கு வருவதற்கு முன்னால் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்யும் வேலையில் இருந்தேன். அங்கே முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம்: பதிவேட்டில் எதைத் திருத்தினாலும் பக்கத்திலேயே சுருக்கொப்பமும் தேதியும் போடவேண்டும். போடாத திருத்தம் திருட்டு. அது என் ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில் பால் அட்டையில் அரை லிட்டரை ஒரு லிட்டராகத் திருத்தினால் சுருக்கொப்பம். தினசரிக் காலண்டரில் தவறாக ஒரு தாளைக் கிழித்துவிட்டால் அடுத்த தாளில் சுருக்கொப்பம். என் மகள் கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் தப்பாக அச்சாகிவிட்டது. அத்தனை பத்திரிகையிலும் பேனாவால் திருத்தி, ஒவ்வொன்றிலும் எம்.ஆர். என்று என் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டுத் தேதியும் எழுதினேன். சம்பந்தி வீட்டில் அதைப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு ரசீது வேற குடுப்பீங்களா சம்பந்தி?" என்று கேட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. திரையில் எழுத்துகள் எறும்பாகத் தெரிந்தன. கண்ணாடி போட்டுக்கொள்ள கௌரவம் இடம் தரவில்லை. எழுத்தைப் பெரிதாக்க முடியுமா என்று சாந்தாமணியிடம் கேட்டேன். "நோட்டுல இருக்குதுங்க சார். ஒரு பைல்ல ரெண்டு நம்பர மாத்தோணும். திங்கக்கெழம வந்து மாத்தித் தாரனுங்க" என்றார். அது சனிக்கிழமை. அன்று மதியத்தோடு அவர் விடுப்பு; குழந்தைக்குக் காதுகுத்து.

அவர் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போனார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பி.காம். செய்கிற வேலையை முதுகலை செய்ய முடியாதா என்ன. நோட்டைப் பிரித்து, ஸ்விட்சைப் போட்டு, அதில் எழுதியிருந்த ரகசியச் சொல்லை அடித்து, அந்தக் கோப்பை மவுஸ் என்கிற எலியால் தட்டித் திறந்தேன். எண் குறைந்தால் எழுத்து பெரிதாகும் என்று நோட்டில் இருந்தபடி, ஐம்பத்திரண்டாம் வரியில் இருந்த பெரிய எண்களை அழித்துச் சின்ன எண்களைப் போட்டேன். பிறகு என்னையறியாமல், உலகத்தில் வேறெந்தக் கம்ப்யூட்டர்காரனும் செய்திருக்க மாட்டாத ஒரு காரியத்தைச் செய்தேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் எம்.ஆர். என்று அடித்து, தேதியும் போட்டேன்.

சேமித்து அணைத்துவிட்டுக் கிளம்பினேன். மறுபடி போட்டுப் பார்க்கவில்லை. சுருக்கொப்பம் போட்டபின் எவனாவது திரும்பிப் பார்ப்பானா.

திங்கட்கிழமை காலை எழுத்துகள் கடகடவென்று ஓடின. இருட்டு வந்தது. ஒருமுறை மினுக்கியது, இரண்டாவது முறை, மூன்றாவது முறை. பிறகு கறுப்புத் திரையில் சில வரி ஆங்கிலம் வந்து நின்றது. மலை வரவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

முதலில் அழைக்கப்பட்டவர் ஆலையின் பிட்டர் குப்புசாமி. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வளர்ந்தவர். எந்த இயந்திரமும் தூசியால்தான் நிற்கிறது என்பது அவர் கொள்கை. திரையின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். "உசுரு இருக்குதுங்க. மூச்சுதான் அடைச்சிருக்குது" என்று சொல்லிவிட்டு, ஆலையிலிருந்து கம்ப்ரசர் குழாயை இழுத்துவந்து கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் காற்றை அடித்தார். அந்தப் பெட்டிக்குள் அவ்வளவு கருவாட்டுத் தூள் இருந்திருக்கும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. அறை மங்கலாகிவிட்டது. முதலாளி, சாந்தாமணி, நான், கணக்கப்பிள்ளை, எல்லோரும் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று விடாமல் தும்மினோம். தூசி அடங்கியபோது திரையில் அதே வரிகள்.

முதலாளி என்னைப் பார்த்தார். "என்னுங்க சார் எழுதியிருக்குது? படிச்சவங்க நீங்க ஒருத்தருதான். சொல்லுங்க."

கிட்டே போனேன். எறும்பு எழுத்துதான். அன்றைக்குப் பார்த்துத் தெளிவாகத் தெரிந்தது. ஐம்பத்திரண்டாம் வரியில் பிழை, எம்.ஆர். என்பது இந்தப் பகுதியில் செல்லத்தக்க சொல் அல்ல. அதனால் திரை எதுவும் கிடைக்கவில்லை என்றும் இருந்தது. குற்றம், இடம், குற்றவாளியின் பெயர், மூன்றும் இருந்தன. காவல் நிலையத்தில்கூட இவ்வளவு சுருக்கமாக எழுத மாட்டார்கள்.

"உள்ள ஏதோ ஒரு பாகம் தேஞ்சு போயிருக்குதுங்களாம்" என்றேன்.

"பாத்தீங்களா, நாஞ் சொன்னேன்ல" என்றார் குப்புசாமி.

"கடசியா யாரு மூடுனது?" என்று கேட்டார் முதலாளி.

"சனிக்கிழமை மத்தியானம் சாந்தாமணிதான் மூடிட்டுப் போனாங்க" என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவர் மூடியபின் நான் திறந்தேன் என்பதைத்தான் விட்டுவிட்டேன். தணிக்கையில் இதைத்தான் தேடித் தேடிப் பிடிப்போம்.

சாந்தாமணி மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் ஒழுங்காத்தானுங்கண்ணா மூடுனேன். காதுகுத்துக்குப் போற அவசரத்துலயும் ரெண்டு வாட்டி பாத்துட்டுத்தானுங்க போனேன்."

"அவசரம்னு நீயே சொல்லிட்ட பாரு அம்மிணி" என்றார் முதலாளி. அவர் கெட்டவர் இல்லை. கோழி விஷயத்தில் மட்டும் பொறுமை இல்லாதவர். "புது மக்காச்சோளம் வந்து எறங்கியிருக்குது. கணக்குப் போடாமக் கலந்தா முட்டை ஓடு பப்படமாட்டம் வரும். புதங்கெழமைக்குள்ள படம் வரோணும். வரலைன்னா அந்த நாக்காலிக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

அன்று மாலை நானே கையால் தீவனக் கணக்குப் போட்டுத் தருவதாகச் சொன்னேன். குற்றவுணர்ச்சி என்றும் சொல்லலாம், கல்வி கர்வம் என்றும் சொல்லலாம். நான்கு தாள், இரண்டு மணி நேரம். விடை வந்தது: டன்னுக்குக் கருவாட்டுத் தூள் கழித்தல் பதினொரு கிலோ. முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படின்னா போன வாரம் தின்னதுல இருந்து கோழிகிட்ட திருப்பி வாங்கோணுங்களா சார்?" என்று நிதானமாகக் கேட்டார். பழைய அளவிலேயே கலக்கச் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், என் தவறை நானே அழித்துவிடலாம் என்று உள்ளே போனேன். அப்போதுதான் ஓர் உண்மை புரிந்தது. அந்தக் கோப்பைத் திறக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அம்புக்குறியால் தட்டுவது. அம்புக்குறி மலையோடு வருவது. மலை வரவேண்டுமானால் கோப்பைத் திருத்த வேண்டும். சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நிற்பவனைப்போல அந்த மின்னும் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "தயவுசெய்து" என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தேன். அப்படியொரு கட்டளை இல்லை என்றது. திரும்பும்போது பார்த்தால், குப்புசாமி எப்போது கட்டினாரோ, திரையின் நெற்றியில் ஒரு எலுமிச்சம்பழமும் ஐந்து பச்சைமிளகாயும் தொங்கிக்கொண்டிருந்தன.

சாந்தாமணி அந்த இரண்டு நாளும் தாளும் பேனாவுமாகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தமிழ் வழியில் படித்தவர்; ஆங்கிலம் தயங்கித்தான் வரும். ஆனால் திரையில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல், புள்ளி விடாமல், ஒரு தாளில் வரைந்ததுபோல் எழுதியெடுத்தார். புதன்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு சாலையோரத் தொலைபேசிக் கடைக்குப் போய்ப் பெங்களூரில் இருந்த அந்தப் பையனிடம் பேசினார். அரைமணி நேரம் கழித்துத் திரும்பினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எலுமிச்சம்பழத்தை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன்.

ஏதோ அடித்தார். கறுப்புத் திரையிலேயே கோப்பு விரிந்தது. எலி இல்லாமலே. ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினார். ஐம்பத்திரண்டில் நின்றார். எம்.ஆர்., சனிக்கிழமைத் தேதி.

மேசையில் வரவுப் பதிவேடு திறந்து கிடந்தது. அதில் மூன்று இடத்தில் நான் போட்ட திருத்தங்கள். மூன்று இடத்திலும் அதே இரண்டு எழுத்து. அவர் பதிவேட்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அழிக்கும் பொத்தானை ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினார். வேகமாக அழிக்கவும் ஒரு வழி இருந்திருக்கும்.

மலை வந்தது. எழுத்துகளும் பெரிதாக வந்தன. என் திருத்தம் சரியானதுதான் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

முதலாளியைக் கூப்பிட்டார்கள். அவர் மலையைப் பார்த்துக் கும்பிட்டார். "என்னாச்சு அம்மிணி?"

"ஒரு வரியில வேண்டாத எழுத்து இருந்துச்சுங்கண்ணா. எடுத்துட்டேன்."

"யாரு போட்டது?"

அவர் பதில் சொல்லவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றார். நான் சுவரில் இருந்த காலண்டரில் அன்றைய ராகு காலத்தைப் படித்தேன். எமகண்டத்தையும் படித்தேன். குப்புசாமி கதவருகில் மிளகாயைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்துக்கு முதலாளி ஓர் அர்த்தம் செய்துகொண்டார்.

"செரி, உடு சாமி. தப்பு எல்லாரும் பண்றதுதான். இனிமே நீ எடை மேடைக்குப் போயிரு. இத சார் பாத்துக்கட்டும்."

எடை மேடை வாசலில் இருந்தது. லாரிகளை ஏற்றி எடை பார்த்துச் சீட்டு எழுதுகிற தகரக் கொட்டகை. வெயில், புழுதி, ஓட்டுநர்களின் பேச்சு. அன்றைக்கே போனார். அவர் மாமியாரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். வாரத்தில் மூன்று நாள் ஏதாவது நிற்கும். மூன்று நாளும் வெற்றிலை வாங்கப் போகிறவனைப்போல எடை மேடைக்கு நடந்து, ஒரு துண்டுத்தாளை ஜன்னல் வழியாக நீட்டுவேன். அவர் பதிலை எழுதித் திருப்பி நீட்டுவார். ஒருமுறைகூட இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் அவரும் ஒன்று செய்தார். எடைச் சீட்டில் ஒரு புள்ளியைத் திருத்தினால்கூட, அந்த வெயிலில் முற்றத்தைக் கடந்து என் அறைக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நிற்பார். "திருத்தியிருக்கனுங்க சார். பக்கத்துல போட்டுக் குடுத்துருங்க. எங்க போடோணும்னு உங்களுக்குத் தெரியும்" என்பார். குரலில் மரியாதை ஒரு இம்மியும் குறையாது. முதலாளி ஒருநாள் என்னிடம், "அந்தப் புள்ளைக்கு இப்பத்தான் பொறுப்பு வந்திருக்குதுங்க சார்" என்றார்.

ஒரு வருடம் போயிருக்கும். கணவருக்குப் பள்ளிபாளையத்தில் ஒரு நெசவுக்கூடத்தில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போகிறார்கள் என்றார். கடைசி நாளில் நான் நாலு வார்த்தை பேசினேன். கடமையுணர்வு, நேர்மை என்றெல்லாம் நல்ல தமிழில். கூட்டம் கலைந்ததும் அவர் சொல்லிக்கொள்ள வந்தார். "அன்னிக்கு நீங்களே சொல்லுவீங்கன்னுதானுங்க சார் நின்னேன்" என்றார். அவ்வளவுதான். "போயிட்டு வாரனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிறகு எனக்கும் வயதாகி ஓய்வு வந்தது. கண்ணாடியும் வந்தது. ஒவ்வொரு வருடமும் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் கிடைக்கும். போன மாசியில்தான் போனேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. நினைவு முன்னும் பின்னும் போய்வருவதாக அவர் மருமகள் வாசலிலேயே சொன்னாள். சாய்வு நாற்காலியில் இருந்தார். என்னைத் தெரிந்துகொண்டார். நான் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, ஐம்பத்திரண்டாம் வரி, சுருக்கொப்பம், பாகம் தேய்ந்தது என்ற பொய், காலண்டர். காதை என் பக்கம் சாய்த்துக் கேட்டார்.

"அப்ப அந்தப் புள்ள மேல தப்பு இல்லீங்களா?"

"இல்லீங்க."

"அட பாவத்த. வெயில்ல கொண்டுபோயி உக்கார வெச்சுட்டனே." நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு பழைய குரலில் சொன்னார்: "நாளைக்குக் காலைல இருந்து சாந்தாமணியக் கம்ப்யூட்டர்ல உக்காரச் சொல்லுங்க சார். லோடு வருது, கணக்குப் போடோணும்."

மருமகள் என்னைப் பார்த்து, ஒத்துப்போகும்படி கையால் ஜாடை காட்டினாள். "சரிங்க" என்றேன்.

"எடை மேடைக்கு ஆள் வேணுமே." யோசித்தார். "நீங்க போயிருங்க."

"சரிங்க" என்றேன். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நியாயமான தீர்ப்பு அது.

அங்கிருந்து நேராகப் பள்ளிபாளையம் பஸ் ஏறினேன். நெசவுக்கூடத்தில் விசாரித்தேன். அப்படியொரு குடும்பம் இருந்ததாம். திருப்பூருக்கோ கோயமுத்தூருக்கோ போய்ப் பத்து வருடம் ஆகிறதாம். தெரிந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. முதலாளியும் பங்குனியில் போய்விட்டார்.

துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பும்போது சேலம் சாலையில் இறங்கி ஆலை இருந்த இடத்துக்கு நடந்தேன். மனைகளாகப் பிரித்து மஞ்சள் கற்கள் நட்டிருக்கிறார்கள். எடை மேடைக்காகத் தோண்டியிருந்த பள்ளத்தை மண்ணடித்து நிரவிவிட்டார்கள். அது எங்கே இருந்தது என்று அடையாளம் தெரியவில்லை. காற்றில் வாசனை எதுவும் இல்லை. உச்சி வெயிலில், எடை மேடை இருந்த இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றிய ஒரு கல்லின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். மனை வாங்க வந்தவன் என்று நினைத்து ஒருவர் குடை பிடித்துக்கொண்டு வந்து, "எந்த நம்பரு பாக்கறீங்க சார்?" என்று கேட்டார்.